மெக்சிகோ அரசப்பனின் தொழில்

புளியும் சாம்பலும் வைத்து அம்சம் தேய்த்த தேய்ப்பில், தம்பி பந்தாடி ஜெயித்த ஏழு கோப்பைகளும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டன. ரோட்டோரத்து டீக்கடையில் ஒரு பெஞ்சைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் போட்டாள். தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சேலையை நாலாக மடித்து அதன் மேல் விரித்து, சின்னதிலிருந்து பெரியதுவரை கோப்பைகளை வரிசையாக அடுக்கினாள். சுவரில் கண்ணாடி போட்ட போட்டோக்கள் மூன்று. பக்கத்திலேயே வங்காளி எழுத்தில் வந்த பேப்பர் துண்டுகளை மைதாப் பசை தடவி ஒட்டியிருந்தாள். அந்த எழுத்தை இந்தத் தாலுகாவிலேயே படிக்க ஆள் கிடையாது, அதனால் என்ன, படத்தில் இருக்கிறவன் யார் என்று தெரிகிறதில்லையா? எல்லாம் முடிந்ததும் வாய்க்கால் கரைக்குப் போய், தாசில்தார் வந்து இறங்கப் போகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பங்குனி வெயிலில் பெஞ்சு மின்னியது. இது ஏதோ கீழத்தெரு முதல் குடிசை என்று அந்த அதிகாரி நினைத்துவிடக் கூடாது, பந்தாட்டக்காரன் அரசப்பன் வீடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும். தெரிந்துவிட்டால் மனுஷன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மனைப் பட்டாவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பது அவள் போட்ட கணக்கு.

சங்கத்துச் செல்லதுரை சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இந்த ஊர்ச் செயலாளர் அவர்தான். கீழத்தெரு இருபத்திரண்டு வீட்டுக்கும் மனு எழுதித் தாக்கல் செய்தவரும் அவர்தான். பெஞ்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா அம்சம்? மொதல்ல இதையெல்லாம் தூக்கி உள்ள வையி.”

இவருக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. செல்லதுரை பக்கத்தில் வந்து தணிந்த குரலில் விவரம் சொன்னார். புதுச் சட்டம் பண்ணை நிலத்தில் குடியிருக்கிற விவசாயக் கூலிகளுக்கு மட்டும்தான். மனுவில் அரசப்பனின் தொழில் விவசாயக் கூலி என்று எழுதியிருக்கிறது. அது பச்சைப் பொய், அவன் கல்கத்தாவில் சம்பளத்துக்குப் பந்து ஆடுகிறவன், அந்த மனையைப் பண்ணையிடமே திருப்பிவிட வேண்டும் என்று பண்ணையின் காரியக்காரர் துரைராசு எதிர்மனு கொடுத்திருக்கிறார். “அந்தாளு ஒரு வாரமா சாட்சிக்கு அலையறான். நீ என்னடான்னா பெஞ்சு போட்டு சாட்சிய அடுக்கி வச்சிருக்கே,” என்றார் செல்லதுரை.

அம்சம் ஒரே மூச்சில் ஏழு கோப்பைகளையும் சேலையோடு சுருட்டி, மூன்று போட்டோக்களையும் கழற்றி வாரிக்கொண்டு போய் அடுப்பங்கரைக் கோணிக்குள் திணித்தாள். பேப்பர் துண்டுகள் மட்டும் வரமாட்டேன் என்றன. பசையைத் தாராளமாகத்தான் போட்டிருந்தாள் மகராசி. நகத்தால் சுரண்டச் சுரண்ட மண்ணும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

யாரை நோவது? மனுவில் அரசப்பன் பெயரைப் போடச் சொன்னதே அவள்தான். போன வருஷம் செல்லதுரை மனு எழுதிக்கொண்டு வந்தபோது எல்லா வீட்டிலும் ஆண்பிள்ளை பெயரைத்தான் சொன்னார்கள். இவள் வீட்டில் ஆண்பிள்ளை என்றால் தம்பி. அவன் ஊரிலேயே இல்லையே, உன் பேரைப் போடட்டுமா என்று செல்லதுரை ஒரு பேச்சுக்குக் கேட்டார். கட்டிக்கொடுத்த பெண் பெயரில் அப்பன் வீட்டு மனையை யாராவது எழுதுவார்களா என்று இவளே அடித்துப் பேசிவிட்டாள். அது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது. எத்தனையோ பேர் வாயில் புரள்கிற பெயர் அது. அந்தப் பெயரைப் பார்த்தால் ஆபீசில் இருக்கிறவன் எழுந்து நிற்பான் என்று நினைத்தாள். தொழில் என்கிற கட்டத்தில் செல்லதுரை மற்ற இருபத்தொரு வீட்டுக்கும் எழுதின அதே வார்த்தையை இவன் பெயருக்கு நேரேயும் எழுதிவிட்டார். அவளுக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே, கண்டாளா.

அந்த மனை மொத்தமே ஐந்து குழிதான். ஒரு கூரை வீடு, பின்னால் ஒரு முருங்கை, ஆடு கட்ட ஒரு முளைக்குச்சி, தீர்ந்தது. ஆனால் அந்த ஐந்து குழிக்காக அம்சம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டுக் கீழத்தெருவே வேலைக்குப் போகாமல் நின்றது. பதினோராம் நாள் பண்ணை ஆட்கள் வந்து, எங்கள் நிலத்தில் குடியிருந்துகொண்டு எங்களுக்கே வேலை நிறுத்தமா என்று கேட்டு, தெரு முனையில் இருக்கிற வீடு என்பதால் இவள் வீட்டுக் கூரையைத்தான் முதலில் பிடித்து இழுத்தார்கள். ஐப்பசி கடைசி, அடைமழை. மூன்று நாள் வாய்க்கால் கரையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அப்போது மதுரைப் பக்கம் ஒரு பஞ்சாலைக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தான், ஒரு கடுதாசி போட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். போடவில்லை. அவன் ஓடி வந்து ஆட்டம் கெட்டுப் போவதைவிட இவள் நனைவது மேல் என்று இருந்துவிட்டாள். அந்த மூன்று நாளில் அவள் மனசில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். போ என்று எவனும் சொல்ல முடியாத தரை வேண்டும், அது ஒரு பாய் அகலம் இருந்தாலும் போதும்.

இந்த இடத்தில் அரசப்பனைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்சம் என்னைச் சும்மா விடமாட்டாள். அவனுக்குப் பத்து வயதில் அப்பன் போய்ச் சேர்ந்தான், ஆத்தாள் அதற்கு முன்பே. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அம்சம் கருமாதிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அங்கே புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தான், வந்து கூப்பிடவும் ஆளில்லை. அப்போது அவளுக்கு இருபத்தொன்று. தம்பி பண்ணை மாடு மேய்த்தான். தை அறுப்பு முடிந்ததும் ஆறு வற்றிவிடும், ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்கிறவரை மணல்தான். வயலில் விளையாடினால் உளுந்துச் செடி மிதிபடும், முதுகுத் தோல் உரியும். அதனால் மாட்டுக்காரப் பிள்ளைகள் ஆற்று மணலில், கந்தலைச் சுருட்டிக் கயிறு சுற்றின பந்தை உதைத்துக்கொண்டு கிடந்தார்கள். மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு எட்டு வைத்தால் அரை எட்டுத்தான் முன்னால் போகும். அதிலேயே ஐந்து வருஷம் ஓடினவனைக் கட்டாந்தரையில் விட்டால் எவனால் பிடிக்க முடியும்?

கூத்தாநல்லூர் ஹபீப் முகம்மதுவின் கண்ணில் அவன் பட்டது அப்படித்தான். பினாங்கில் கடை வைத்துச் சம்பாதித்ததையெல்லாம் ஒரு பந்தாட்டக் குழுவில் கொண்டுவந்து கொட்டின மனுஷர் அவர். ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் அம்சத்தின் வாசலுக்கே வந்துவிட்டார், பையனைக் கொடும்மா என்று. மாட்டை யார் பார்ப்பது என்று காரியக்காரர் குதித்தார். நான் பார்க்கிறேன் என்று அம்சம் சாணிக் கூடையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். முதல் பந்தயம் ஜெயித்த அன்று ஹபீப் முகம்மது வீட்டில் விருந்து. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற வழக்கம் அவர்களுடையது. தயங்கி வாசலில் நின்ற அரசப்பனை அந்த வீட்டம்மா ரசியா பேகம் உள்ளே கூப்பிட்டு, தன் மகன் உட்கார்ந்திருந்த தட்டிலேயே உட்கார வைத்தார். பையன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்சம் அப்படியா என்று மட்டும் கேட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்திலும் அழுகை வருகிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

அப்புறம் அவன் நிற்கவேயில்லை. கூத்தாநல்லூரில் மூன்று வருஷம், பஞ்சாலையில் இரண்டு வருஷம், அங்கிருந்து மெட்ராஸ். மெட்ராஸில் ஒரு வருஷம் முழுக்க ஆட விடாமல் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகிறது அக்கா என்று கடுதாசி எழுதினான். கணுக்கால் முறிந்து ஆறு மாசம் வீட்டில் கிடந்தான். இவள் விளக்கெண்ணெயும் கையுமாக உட்கார்ந்து நீவி நீவி அந்தக் காலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அடுத்த வருஷமே கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய குழு ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. இடது ஓரத்தில் ஆடுகிறவன், ஆடுவதற்கென்றே சம்பளம், மழையிலும் லட்சம் பேர் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்க்கிற ஊர். எழுபதாம் வருஷம் உலகக் கோப்பை மெக்சிகோ தேசத்தில் நடந்தபோது பினாங்கிலிருந்து ஹபீப் முகம்மதுவுக்கு ஒரு படப் பத்திரிகை வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க அந்த ஊர் ஆட்டக்காரன் ஒருவன், பச்சைச் சட்டை. சோளக் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்துப் பிள்ளை, இவன் மாதிரியே இடது ஓரம், இவன் மாதிரியே ஊர் ஊராக மூன்று குழு மாறியவன். ஹபீப் முகம்மது எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து அம்சத்துக்குச் சொன்னார். படத்துக்குக் கீழே பெயர், வயது, தொழில் என்று போட்டு, தொழிலுக்கு நேரே கால்பந்து ஆட்டக்காரர் என்று இருந்தது.

“அப்ப இது ஒரு தொழிலா மொதலாளி?” என்று கேட்டாள் அம்சம்.

தொழில்தாம்மா, இங்கேதான் இன்னும் விளையாட்டு என்கிறார்கள் என்றார் அவர். அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றிலிருந்து ஹபீப் முகம்மது வாயில் அவன் நம்ம மெக்சிகோக்காரன் ஆனான். கோடைப் பந்தய நோட்டீஸ்களில் மெக்சிகோ அரசப்பன் என்றே அடித்தார்கள். தம்பி என்ன பண்றான், இன்னும் பந்து விளையாடிக்கிட்டுத் திரியறானா என்று யாராவது கேட்டால் அம்சத்துக்குப் பொத்துக்கொண்டு வரும். அது விளையாட்டு இல்லை, தொழில் என்று நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வாள்.

அவன் ஆடி அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. தஞ்சாவூருக்குக் கல்கத்தாக் குழு வந்தபோது ஹபீப் முகம்மது காரில் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப நேரம் தம்பி கோட்டோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தான். மடை திறக்கப் போகிறவன் மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு பந்து வந்தது, எங்கே போனான், எப்படிப் போனான் என்று இவள் கண் தேடுவதற்குள் அந்தப் பக்கம் வலை ஆடியது. எத்தனை ஆயிரம் பேர்! வேட்டிக்காரனும் பேண்ட்காரனும் எழுந்து நின்று அரசப்பா அரசப்பா என்று கத்தினார்கள். அவன் எந்தத் தெரு என்று ஒருத்தன் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய மனுஷரிடம், எந்தம்பிங்க என்று சொன்னாள். அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து இவளை உட்காரச் சொன்னார். அம்சம் உட்கார்ந்தாள். அப்படி நிமிர்ந்து அதற்கு முன்னால் அவள் எங்கேயும் உட்கார்ந்தது கிடையாது.

இப்போது அந்தத் தம்பி பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்து உள்ளே நின்றுகொண்டிருந்தான். கல்கத்தாவில் ஆட்டம் தொடங்கச் சித்திரை ஆகிவிடும், அதுவரை லீவு. நேற்றே செல்லதுரை அவனிடம் பேசி முடித்திருந்தார், அக்காவிடம் சொல்லத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. இப்போது பழைய கைலியும் தலையில் துண்டுமாக வேஷம் கட்டி விட்டார். தாசில்தார் கேட்டால் விவசாயக் கூலி என்று சொல், பந்து ஆடுவது சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அரசப்பன் தலையாட்டினான். அவர் வெளியே போனதும் அம்சம் அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சொன்னாப் போவுதுக்கா. ஒரு வார்த்ததானே,” என்றான்.

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையில் வீடு நிற்கும். நிற்குமா என்பதும் நிச்சயமில்லை, எதிராளி கையில் என்னென்ன காகிதம் இருக்கிறதோ. ஆனாலும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு நின்ற அவனைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாளோ அதை அவன் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லப் போகிறான், அதுவும் அவளுக்காக.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார் முப்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டிருந்தார், எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தார். காலியாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் பைலை விரித்தார். கூடவே ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் அளவுச் சங்கிலிப் பெட்டியோடும் தலையாரியோடும் வந்திருந்தார். குடையை ஊன்றிக்கொண்டு துரைராசு வாசலுக்கு நேரே நின்றார். அது அவருடைய வழக்கமான இடம். கீழத்தெருவுக்குள் காலை வைத்தால் தீட்டு என்று நினைக்கிற மனுஷர், நடவுக்கோ அறுப்புக்கோ ஆள் வேண்டுமானால் முதல் நாள் சாயங்காலம் தெரு முனையில் இருக்கிற இந்த வாசலோடு நின்றுகொள்வார். இங்கிருந்தே குரல் கொடுப்பார். அம்சம்தான் நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிற தலையாள்.

தாசில்தார் எதிர்மனுவை வாய்விட்டுப் படித்தார். மனுதாரர் அரசப்பன் என்பவர் மெக்சிகோ என்னும் அயல்நாட்டில் வசிப்பவர் என்று வந்ததும் நிறுத்தினார். மெக்சிகோவா என்று கேட்டார். ஆமாம் சார், நோட்டீஸிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறான் என்று துரைராசு பந்தய நோட்டீஸை எடுத்து நீட்டினார். அது பட்டப்பெயர் என்று கர்ணம் தாசில்தார் காதில் சொல்ல, அவர் சிரித்துவிட்டார். கூடியிருந்த கீழத்தெருவே சிரித்தது. ஆனால் துரைராசு அடுத்ததாக எடுத்து வைத்தது கல்கத்தா பேப்பர். படம் தெளிவாக இருந்தது. இங்கிலீஷ் பேப்பர் வேறு. தாசில்தார் அதை நிதானமாகப் படித்தார், படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், சிரிப்பு எல்லாம் அடங்கிவிட்டது.

“அரசப்பன் நீங்கதானா?” என்றார். ஒரு அதிகாரி வாயிலிருந்து நீங்க என்று அந்தத் தெருவில் விழுந்தது அதுதான் முதல் தடவை. “ஒங்க தொழில் என்னன்னு நீங்களே சொல்லுங்க. சொல்றத அப்படியே எழுதிக் கீழ ஒங்க ருஜு வாங்கிப்பேன். பொய்னு ஆனா கேசாயிடும், அதையும் தெரிஞ்சுக்குங்க.”

அரசப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அக்காவைப் பார்த்தான். செல்லதுரை கண்ணால் சொல்லு சொல்லு என்றார். அவன் வாயைத் திறந்தான்.

“எழுதாதீங்கய்யா,” என்றாள் அம்சம். “கூலி வேல செய்யறவ நானு. அவன் இல்ல. அவன் பந்தாட்டக்காரன்.”

செல்லதுரை கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சொன்ன பிறகு அம்சத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கூலிக்காரன் என்கிற வார்த்தை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை, அப்படி யாராவது நினைத்தால் அவள் பிடித்த நாற்றைப் பிடித்துப் பார்க்கட்டும். அது அவள் வார்த்தை. முதுகு வளைத்து, சேற்றில் கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிச் சம்பாதித்த வார்த்தை. அவன் வேறொன்றைச் சம்பாதித்திருக்கிறான். அவளுடையதை அவன் எதற்கு இரவல் வாங்க வேண்டும்?

“கேட்டுக்குங்க சார், அவ வாயாலேயே வந்துடுச்சு,” என்றார் துரைராசு. முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துடுச்சுய்யா. இப்ப ஒங்க வாயால ஒன்னு வரட்டும்,” என்று அம்சம் அவர் பக்கம் திரும்பினாள். “பன்னெண்டு வருஷமா இப்ப நிக்கிறீங்களே இதே எடத்துல நின்னு நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்புடறீங்க. யார் பேரச் சொல்லிக் கூப்புட்டீங்க?”

துரைராசு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஆள் கூப்பிடுவது ஊர் வழக்கம்தானே சார் என்றார். யார் பேரைச் சொல்லி என்று தாசில்தார் கேட்டார். தெரு முழுக்கத் துரைராசுவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. போன தாளடி நடவுக்குக்கூட இந்த வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தின மனுஷர் இப்போது மாற்றிச் சொன்னால், அடுத்த நடவுக்கு யார் வருவார்கள்?

“அம்சம் பேரச் சொல்லித்தான்,” என்றார் கடைசியில். உடனே சுதாரித்துக்கொண்டு, இவளுக்குப் புருஷன் வீடு இருக்கிறது, இவள் எப்படி இந்த மனையில் குடியிருப்பவள் ஆவாள் என்று பிடித்துக்கொண்டார். அம்சம் தாசில்தாரைப் பார்த்தே பதில் சொன்னாள். புருஷன் வீட்டை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, இந்தக் கூரையை அஞ்சு தரம் மேய்ந்திருக்கிறாள், ஒரு தரம் பண்ணை ஆட்கள் பிரித்துப் போட்ட பிறகும் திரும்ப மேய்ந்திருக்கிறாள், பிரிக்கும்போது உள்ளே இருந்தது யார் என்று அவர்களையே கேளுங்கள் என்றாள்.

தாசில்தார் வெகுநேரம் எழுதினார். மனுவில் பெயர் மாற்ற வேண்டும், புது நோட்டீஸ் போக வேண்டும், முப்பது நாள் ஆகும், பண்ணை மேல்முறையீடு போனால் இன்னும் இழுக்கும், என்னால் இப்போது ஒன்றும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே செல்லதுரை பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் குந்தி உட்கார்ந்து புது மனு எழுத ஆரம்பித்துவிட்டார். மனுஷருக்கு அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருக்க நேரமேது. குடும்பத்தில் வேறு யார் என்று தாசில்தார் கேட்டார். ஒரு தம்பி என்றாள் அம்சம். தொழில் என்றார் அவர், பேனாவை எடுத்தபடி.

“கால்பந்து ஆட்டக்காரர்ங்க,” என்றான் அரசப்பன். “கல்கத்தாவுல.”

தாசில்தார் அதைச் சொன்னபடியே எழுதினார், மையில் அமுங்கின அம்சத்தின் கட்டைவிரல் அந்த வரிக்குக் கீழே விழுந்தது.

உத்தரவு என்னவானாலும் மனையை அளந்து குறித்துக்கொண்டு போய்விடலாம் என்று தாசில்தார் சொன்னதும் கர்ணம் பெட்டியைத் திறந்து சங்கிலியை உதறினார். தலையாரி ஒரு முனையை முருங்கை மரத்தடியில் பிடித்துக்கொண்டான். மறுமுனையை அரசப்பன் வாங்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தான். பின்பக்கம் அளந்தார்கள், வடபக்கம் அளந்தார்கள், கர்ணம் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார். கடைசியில் வாசல் பக்கம். வெயிலில் சங்கிலி சலசலவென்று புழுதியில் இழுபட்டு வந்து துரைராசுவின் செருப்புக்குப் பின்னால் போய் நின்றது. நேராக இழுக்க வரவில்லை. கர்ணம் குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

“கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க,” என்றார். “மனைக்குள்ள நிக்கிறீங்க.”

துரைராசு தாசில்தாரைப் பார்த்தார். அவர் பைலில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். துரைராசு குடையை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னும் கொஞ்சம் என்றார் கர்ணம். அந்தப் பக்கம் அரசப்பன் சங்கிலியைத் தொய்வில்லாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அம்சம் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வலது கால் சங்கிலியைத் தாண்டிப் போனது, கொஞ்சம் பொறுத்து இடது காலும்.